கரையில் ஒரு கியர்பாக்ஸ், கடலில் ஒரு கியர்பாக்ஸ்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் இப்போது 61 நாள். மீன் பெருகுவதற்காக விட்ட இந்த நாட்களில்தான் படகின் எஞ்சினும் கியரும் பிரிக்கப்படுகின்றன. அதே கோடையில் ஊருக்குள் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய அம்பாசிடர் ஒன்று மறுபடியும் கியர்பாக்ஸ் இறக்கப்பட்டு நிற்கும். போன வருஷம் செய்த அதே வேலை, அதே பழுது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று மெக்கானிக்கும் சொல்வார், உரிமையாளரும் தலையாட்டுவார். நான் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. படகுக்காரர் கியரைப் பார்க்கும் விதத்தையும் கார்காரர் பார்க்கும் விதத்தையும் அருகருகே வைத்தால், கோளாறு வயதில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அம்பாசிடர் 1957 முதல் 2014 மே வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3. பல காலம் வந்த மாடல்களில் 1489 சிசி எஞ்சின், நான்கு கியர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் லீவர். பற்கள் சேரும் முன் இரண்டின் வேகத்தையும் ஒத்துப்போகவைக்கும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். உருளும்போது போட்டால் பல்லும் பல்லும் மோதும். லீவரிலிருந்து பெட்டி வரை கம்பிகளும் புஷ்களும் ஓடுகின்றன. புஷ் தேய்ந்தால் கியர் பாதிதான் விழும். பாதி விழுந்த கியர் பாரம் ஏறியதும் தெறிக்கும். தெறிக்கும் ஒவ்வொரு முறையும் பல்லின் முனை கொஞ்சம் மழுங்கும். பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னப் புஷ், பெட்டிக்கு உள்ளே இருக்கும் கியரைத் தின்பது இப்படித்தான்.

படகின் கியரில் முன், நியூட்ரல், பின் என்று மூன்றே நிலை. பற்கள் எப்போதும் கவ்வியே இருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் இறுகும் கிளட்ச் தட்டுகள்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தீர்மானிக்கின்றன. எஞ்சினின் சுற்று வேகத்தை மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறைத்துப் புரொப்பல்லருக்குக் கொடுக்கிறது. எளிய பெட்டிதான். சுமையோ கொடியது. மடி வலை இழுக்கும்போது மணிக்கணக்கில் ஓயாத பாரம். படகைத் தள்ளும் விசை முழுவதையும் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பேரிங்தான் தாங்குகிறது. அறுந்த வலை புரொப்பல்லரில் சுற்றினால் அந்த அதிர்ச்சியும் நேராகக் கியருக்கே வரும். குளிர்விக்க வருவதோ உப்புத் தண்ணீர். நியாயப்படி அடிக்கடி படுக்க வேண்டியது இந்தப் பெட்டிதான்.

படகு டிரைவர் விடியற்காலையில் கிளம்பும் முன் கியர் ஆயில் கம்பியை உருவிப் பார்க்கிறார். அளவை மட்டும் பார்ப்பதில்லை, நிறத்தையும் பார்க்கிறார். ஆயில் பாலாக வெளுத்திருந்தால் கூலருக்குள் கசிவு, உப்புத் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குப் படகு போகாது. தடைக்காலத்தில் செய்வது இன்னும் ஆழமான வேலை. கியரைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு அதோடு நிறுத்துவதில்லை. எஞ்சின் அடிக்கட்டை, ரப்பர் கப்ளிங், ஷாஃப்ட், ஷாஃப்ட் புஷ் எல்லாம் பார்வைக்கு வரும்.

இதில் ஒரு வேலையை உன்னித்துப் பார்க்க வேண்டும். கியரின் கப்ளிங் தட்டும் ஷாஃப்டின் கப்ளிங் தட்டும் சேரும் இடத்தில் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகுகிறார்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடத்திலும் தகடு ஒரே இறுக்கத்தில் போய்வர வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் எஞ்சின் கால்களுக்கு அடியில் தகடு வைத்துத் தூக்கி மறுபடியும் அளக்கிறார்கள். கரையில் அளந்தது போதாது. படகு தண்ணீரில் இறங்கியதும் உடம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் மிதக்கவிட்டபின் இன்னொரு முறை அளக்க வேண்டும். கியருக்குள் எத்தனை புதுச் சாமான் போட்டாலும் இந்தக் கோடு நேராக இல்லாவிட்டால் சீலும் பேரிங்கும் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கார் ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஈடான வேலை நடப்பது அபூர்வம். “அண்ணாச்சி, மூணாவது கியர் சிங்க்ரோ போயிட்டு, மாத்திருவோம்” என்பதோடு பேச்சு முடிகிறது. மூன்றாவது சிங்க்ரோ ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை. கிளட்ச் சிலிண்டர் கசிந்து, மிதித்த பிறகும் கிளட்ச் முழுதாக விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சிங்க்ரோ ரிங்தான் தேயும். அதை மாற்றிவிட்டு சிலிண்டரை அப்படியே விட்டால் அடுத்த ரிங்கும் அதே வழியில் போகும். சோதனை சுலபம்: எஞ்சின் ஓடும்போது கிளட்சை முழுதாக மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் கடித்தால் குற்றவாளி கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச்.

சத்தமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் பேரிங் பெட்டிக்குள். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். முதல் மூன்று கியரில் கூவி, நான்காவதில் அடங்கினால் பெட்டிக்குள் இருக்கும் துணைத் தண்டான கவுன்டர் ஷாஃப்டைச் சந்தேகிக்க வேண்டும். நான்காவதில் விசை நேராகப் போவதால் அதன்மேல் பாரம் இல்லை. பெட்டியை இறக்குவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம். இறக்கிய பிறகு செய்ய வேண்டியதும் உண்டு: உடைந்த பல்லின் துகள் பெட்டியின் அடியிலும் எண்ணெய் வழிகளிலும் கிடக்கும், அதைக் கழுவாமல் புது பேரிங் போட்டால் அந்தத் துகளே பேரிங்கை அரைத்துவிடும். கியரை ஜோடியாக மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றினால் புதுப் பல்லும் பழைய பல்லும் ஒன்றையொன்று கெடுக்கும். ஆயிலும் மேனுவல் சொன்னதாக இருக்க வேண்டும். டிஃபரன்ஷியலுக்கு உரிய ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும்.

படகுக்காரருக்கும் கார்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை 2023 டிசம்பர் வெள்ளம் ஊருக்கே காட்டியது. டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடியில் தெருத்தெருவாகக் கார்கள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். மூச்சுத்துளை வழியாகக் கியர்பாக்ஸுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தவர் குறைவு. பல கார்களின் கியர்பாக்ஸில் அளவுக்கம்பியே கிடையாது. வண்டியைத் தூக்கிப் பக்கவாட்டு பிளக்கைத் திறந்தால்தான் ஆயிலின் நிறம் தெரியும். துருப் பிடித்த பேரிங் உடனே சத்தம் போடாது, மாதங்கள் கழித்துத்தான் கூவும். அப்போது வெள்ளத்தை மறந்து வயதைக் குறை சொல்வோம். படகில் அதே வெளுத்த ஆயில் மறுநாள் காலையே கண்ணில் பட்டிருக்கும்.

படகுக்காரருக்கு இந்தக் கவனம் எங்கிருந்து வருகிறது? சட்டத்திலிருந்து இல்லை. தடைக்காலத்தில் மீன்வளத்துறை படகுகளை ஆய்வு செய்கிறது. அதற்காக யாரும் கியரைப் பிரிப்பதில்லை. காருக்கும் 15 வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வு உண்டு. அங்கே பிரேக்கும் விளக்கும் புகையும் பார்ப்பார்கள், கவுன்டர் ஷாஃப்டை யாரும் பார்ப்பதில்லை. வித்தியாசம், பழுதாகி நிற்கும் இடத்தில் இருக்கிறது. கார் பாளையங்கோட்டை ரோட்டில் நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். மன்னார் வளைகுடாவில் கியர் போனால் டீசலும் ஐஸும் அன்றைய பாடும் போச்சு. இழுத்துவர இன்னொரு படகு தன் தொழிலை விட்டு வர வேண்டும். நீரோட்டம் இழுத்தால் இலங்கையோடு செய்த 1976 ஒப்பந்தம் வரைந்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும் பயமும் உண்டு. இந்தக் கரைக்கு முன்கூட்டிப் பார்ப்பது புதிதும் இல்லை. 1961-இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, கடலடியில் சிப்பி விளையும் பார்களுக்குப் போய்ச் சிப்பியை எடுத்துச் சோதித்த பிறகுதான் அரசு குளிப்பை அறிவித்து வந்தது.

ஒப்பீடு ஓரிடத்தில் காருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஒரே மாதிரிப் படகு பல உண்டு, சாமானும் ஆளும் கிடைக்கும். அம்பாசிடருக்குத் தயாரிப்பே நின்றுவிட்டது. நல்ல கியர் ஜோடி தேடுவது பெரும்பாடு. அதனால் பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு பெட்டியை வாங்கி மாட்டுகிறார்கள், சிலர் 1990-களில் வந்த இசுசு ஐந்து கியர் பெட்டிக்குத் தாவுகிறார்கள். அதற்கு எஞ்சினோடு சேரும் ஹவுசிங், கிளட்ச், பின் மவுன்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாம் மாற வேண்டும். பெட்டி ஓடு வெடித்திருந்தாலோ பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து ஓவலாகியிருந்தாலோ மாற்றுவதுதான் சரி. வேறு எதற்கும் என் கட்சி, சொந்தப் பெட்டியை ஒருமுறை முழுதாகச் செய்வதே. பழைய சாமான் கடைப் பெட்டியின் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. அதுவும் வெள்ளத்தில் கிடந்ததாக இருக்கலாம்.

காருக்குத் தடைக்காலம் இல்லாததால் அதை உரிமையாளர்தான் உண்டாக்க வேண்டும். வாடைக்காற்றோடு மழை வருவதற்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் போதும். ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து நிறத்தையும் இரும்புத் துகளையும் பாருங்கள். கியர் லீவர்க் கம்பிகளின் புஷ், கிளட்ச் சிலிண்டர், பின் மவுன்டிங் ரப்பர் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் கைவைப்பது இவற்றில்தான். பெட்டியை இறக்கும் நிலை வந்தால், கழற்றிய சாமான் அத்தனையையும் மேஜையில் பரப்பி, எது போனது, எதனால் போனது என்று சொன்ன பிறகே மாட்டச் சொல்லுங்கள். அதற்கு அரைநாள் கூலி கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.