தேவையை அளந்தவர்கள்: பம்பாய், மாத்தர், எட்டாவா

புதிய சமூகப் பணித் திட்டம் ஒன்றைத் தொடங்குமுன் அப்பகுதி மக்களின் தேவையைக் கண்டறிய வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத விதி. நிதி கோரும் விண்ணப்பங்களில் அதற்கென்று ஓர் இயலே ஒதுக்கப்படுகிறது. ஆயினும் நடைமுறையில் பெரும்பாலும் திட்டம் முதலில் முடிவாகிறது; அதற்குச் சான்று தேடும் வேலையாகவே ஆய்வு பின்னால் வந்து சேருகிறது. தையல் பயிற்சி தரத் தீர்மானித்துவிட்ட நிறுவனம் ஊருக்குள் சென்று பெண்களிடம் தையல் பயிற்சி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்ற விடைதான் கிடைக்கும். இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பதை அறிய, இந்தியாவில் தேவையை அளக்கும் முயற்சி எவ்வாறு தொடங்கியது, எங்கெங்கே தடுமாறியது என்பதைப் பின்னோக்கிப் பார்ப்பது பயன் தரும்.

முதல் களம் பம்பாய். முதல் உலகப் போருக்குப் பின் அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சால் எனப்படும் நெருக்கடியான அடுக்குக் குடியிருப்புகளில், ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். அந்த வாழ்வை முறையாக ஆராய்ந்த பர்னெட்-ஹர்ஸ்ட், பம்பாயின் உழைப்பையும் குடியிருப்பையும் பற்றிய தம் நூலை 1925இல் வெளியிட்டார். அக்காலத்தில் அரசு அறிக்கைகளிலும் சமூக ஊழியர்களின் உரைகளிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்ட புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டில் ஓரறைக் குடியிருப்புகளில் பதிவான ஒவ்வோராயிரம் பிறப்புக்கும் 828 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன என்பதே அது. படித்தவர் நெஞ்சை உலுக்கிய எண் அது.

ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பம்பாய்க்குப் பிழைக்க வந்த பெண்களில் பலர் பேறுகாலத்தில் கொங்கணத்திலும் தக்காணத்திலும் உள்ள தம் சொந்த ஊர்களுக்குச் சென்றனர். பிறப்பு அங்கே பதிவானது. சில மாதங்களில் தாய் குழந்தையோடு நகருக்குத் திரும்புவாள். அக்குழந்தை இறந்தால் இறப்பு பம்பாய்க் கணக்கில் ஏறியது. வகுக்கும் எண் சிறுத்தும் வகுபடும் எண் பெருத்தும் நின்றதால் விகிதம் உண்மையைவிட உயர்ந்து காட்டியது. இதனால் பம்பாயின் குழந்தைகள் நலமாக இருந்தனர் என்று பொருளாகாது. இறப்பு மிகக் கொடியதாகவே இருந்தது. எனினும் திட்டமிடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. பிறப்பு கிராமத்திலும் இறப்பு நகரத்திலும் நிகழுமானால், ஆலைப் பகுதியில் பிரசவ விடுதி ஒன்றைக் கட்டுவது மட்டும் விடையாகாது. பேறுக்குப் பின் நகரத்துக்குத் திரும்பும் தாய்க்கு என்ன துணை இருந்தது என்ற கேள்வியும் எழ வேண்டும்.

அக்கேள்விக்கு அருகில் சென்றவர், 1920களின் தொடக்கத்தில் பம்பாய் அரசு நியமித்த பெண் மருத்துவர் பார்ன்ஸ். ஆலைகளில் பணிபுரியும் பெண்களின் பேறுகால நிலையை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் சால்களுக்கு நேரில் சென்று பார்த்தார். ஆலைக்குச் செல்லும் தாய்மார்கள் கைக்குழந்தைகளுக்கு அபின் கொடுத்து உறங்கவைக்கும் வழக்கம் மிகப் பரவலாக இருந்ததை அவருடைய அறிக்கை வெளிப்படுத்தியது. இக்கண்டறிதலை இருவகையில் வாசிக்கலாம். அறியாமையே குறை என்று கொண்டால், அபினின் தீங்கை விளக்கும் பிரசாரம் தேவை. அபின் கொடுக்காவிட்டால் பத்து மணி நேரம் அழும் குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டால், ஆலையில் குழந்தைக் காப்பகமும் பேறுகாலத்தில் ஊதியத்தோடு ஓய்வும் தேவை. கண்ட செய்தி ஒன்றே. அதிலிருந்து பிறக்கும் திட்டங்கள் இரண்டும் வெவ்வேறு. பேறுகால உதவிக்கான சட்டமுன்வரைவு பம்பாய் சட்டமன்றத்துக்கு வந்தபோது 1928இல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். 1929இல் பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. தொழிற்சாலைப் பெண்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. கூடை சுமந்தவர்களும் வீட்டுவேலை செய்தவர்களும் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். ஆய்வு எவரைக் கணக்கில் எடுத்ததோ அவருக்கே சட்டமும் வாய்த்தது.

இரண்டாவது களம் குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாத்தர் தாலுகா. தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, லண்டனில் கணக்காயராகவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் மாணவராகவும் பயின்ற ஜே. சி. குமரப்பா 1929இல் காந்தியைச் சந்தித்தார். குஜராத் வித்யாபீடத்தின் சார்பில் ஊரகப் பொருளாதார ஆய்வு ஒன்றை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. வித்யாபீட மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று குடும்ப வரவுசெலவு, கடன், கால்நடை, நிலவரி ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்தனர். 1930 மார்ச்சில் தண்டி யாத்திரை அதே தாலுகாவைக் கடந்து சென்றது. உப்பு வரியை எதிர்த்து நாடு திரண்ட அதே பருவத்தில், ஓர் உழவன் கையில் வரி போக என்ன மிஞ்சுகிறது என்பதற்கு எண்களோடு கூடிய விடையும் உருவாகிக்கொண்டிருந்தது.

மாத்தர் ஆய்வின் சிறப்பு அதன் வரிசையில் உள்ளது. என்ன தொண்டு செய்யலாம் என்று அது கேட்கவில்லை. ஒரு குடும்பம் எவ்வாறு பிழைக்கிறது, எங்கே அதன் வருவாய் கசிகிறது என்று கேட்டது. நிலவரிச் சுமையும் கடனும் துணைத்தொழில் இன்மையும் அந்த விடையில் தெரிந்தன. 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றி, குமரப்பா அதன் செயலாளரானபோது, எண்ணெய்ச் செக்கும் கைக்குத்தல் அரிசியும் காகிதத் தொழிலும் அதன் வேலைத்திட்டத்தில் இடம்பெற்றன. அத்திட்டத்தின் தகுதியைப் பற்றிப் பொருளியலாளர்கள் வேறுபடலாம். ஆய்வு முந்தியும் அமைப்பு பிந்தியும் வந்தன என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது களம் மீண்டும் பம்பாய், அங்குள்ள நாக்பாடா. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் 1925இல் பம்பாய் வந்தார். சிகாகோவில் பயின்ற அவர், அந்நகரில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் போன்ற அக்கம்பக்க இல்ல இயக்கத்தை அறிந்தவர். முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் நெருங்கி வாழ்ந்த நாக்பாடாவில், எம்மதத்தவரும் வந்து செல்லும் அக்கம்பக்க இல்லம் ஒன்று அவர் தலைமையில் இயங்கியது. அந்த அனுபவம் அவருக்குப் புலப்படுத்திய குறை வேறு: நல்லெண்ணம் கொண்ட தொண்டர்கள் உண்டு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் இல்லை. தோராப்ஜி டாட்டா 1932இல் மறைந்தபின் அவர் பெயரிலான அறக்கட்டளை தன் நிதியை எவ்வாறு செலவிடுவது என்று ஆராய்ந்தது. அப்போது மான்ஷார்ட்டின் கருத்து செல்வாக்குப் பெற்றது. 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி, நாக்பாடா இல்லத்தின் வளாகத்திலேயே, 20 மாணவர்களோடு தொடங்கியது. இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று அறியப்படுவது அதுவே. அப்பெயர் 1944இல் சூட்டப்பட்டது.

இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்வித் திட்டம் இவ்வாறு பிறந்தது. அதன் தேவை கற்பனையன்று. பத்தாண்டுக் களப்பணியில் உணரப்பட்டது. 1937இல் குழந்தை வழிகாட்டு மருத்துவமனை ஒன்றை அப்பள்ளி தொடங்கியது. 1946இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். எனினும் அதன் பாடத்திட்டம் அமெரிக்க முன்மாதிரியை ஒட்டியது என்ற விமர்சனம் பிற்காலத்தில் சமூகப் பணிக் கல்வியாளர்களிடையே வலுவாக எழுந்தது. தனிமனிதரையும் குடும்பத்தையும் நகரச் சூழலில் அணுகும் முறை அதில் முதன்மை பெற்றது. நிலமும் சாதியும் பஞ்சமும் பின்னால் நின்றன. நிறுவனங்களுக்கு எத்தகைய பணியாளர் தேவை என்ற கேள்விக்குப் பள்ளி நல்ல விடை கண்டது. கிராமத்து வறுமைக்கு எத்தகைய பணியாளர் தேவை என்ற கேள்வி அதே அளவு ஆழமாகக் கேட்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு குடும்பச் செய்தியும் பொருந்துகிறது. 1941இல் மான்ஷார்ட்டுக்குப் பின் அப்பள்ளியின் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா, மாத்தரில் ஆய்வு நடத்திய ஜே. சி. குமரப்பாவின் மூத்த சகோதரர். ஒரே தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளுள் ஒருவர் நகரில் தொழில்முறைச் சமூகப் பணியை வளர்த்தார். மற்றவர் வார்தாவில் கிராமத் தொழில்களை வளர்த்தார். நாட்டின் தேவை எது என்பதற்கு அக்காலத்தில் எழுந்த இரு விடைகள் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டன எனலாம்.

நான்காவது களம் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா. அமெரிக்கக் கட்டடக் கலைஞரும் நகரமைப்பாளருமான ஆல்பர்ட் மேயர், போர்க்காலத்தில் இந்தியாவில் பணியாற்றியபோது நேருவின் அறிமுகத்தைப் பெற்றவர். அவருடைய முயற்சியில் 1948இல் மகேவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 64 கிராமங்களில் முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கியது. மக்களுடைய உணர்ந்த தேவைகளிலிருந்தே பணி தொடங்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கிராம வாழ்வை ஆராய்ந்து சொல்வதற்கென்றே ருத்ர தத் சிங் என்ற மானிடவியலாளர் பணியமர்த்தப்பட்டார். ஆய்வாளர் ஒருவர் திட்டத்தின் அன்றாட ஊழியராகவே இருந்தது அக்கால நிர்வாகத்தில் அரிய ஏற்பாடு. எட்டாவாவின் அனுபவம் 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய தேசியச் சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு முன்மாதிரியானது.

திட்டம் நாடு முழுதும் விரிந்தபோது கொள்கை நிலைத்தது. அதைத் தாங்கிய பொறுமை நிலைக்கவில்லை. கிராம சேவகர் ஊருக்கு வந்து தேவையைக் கேட்டபோது விடை சொன்னவர் யார் என்பதே கேள்வி. ஊர்ப் பொதுவிடத்தில் கூடிய கூட்டத்தில் நிலமுடையோர் பேசினர். நிலமற்றோர் ஓரத்தில் நின்றனர். பெண்கள் பெரும்பாலும் வரவேயில்லை. மேம்பட்ட விதையும் உரமும் வேண்டும் என்ற விடை பதிவானது. விதைக்க நிலமே இல்லாதவனுக்கு அந்த விடையில் இடமில்லை. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் இத்திட்டத்தை ஆராய்ந்து 1958இல் நூல் எழுதிய மானிடவியலாளர் எஸ். சி. துபே, வேளாண் விரிவாக்கத்தின் பயனில் பெரும்பகுதி வசதியும் செல்வாக்கும் உள்ளோரைச் சேர்ந்ததைக் காட்டினார். திட்டத்தில் மக்களின் பங்கேற்பு போதாமையை 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு சுட்டிக்காட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து அமைப்புகளைப் பரிந்துரைத்தது.

இந்த அனுபவங்களுக்குப் பின்னரே கோட்பாடு வந்தது. பிரித்தானிய அறிஞர் ஜோனதன் பிராட்ஷா 1972இல் சமூகத் தேவையை நான்காகப் பகுத்தார்: வல்லுநர் வகுத்த தரத்தின்படி தேவை, மக்கள் உணரும் தேவை, கோரிக்கையாக வெளிப்படும் தேவை, பிற பகுதியோடு ஒப்பிடும்போது தெரியும் தேவை. ஓரறைக் குடியிருப்பின் இறப்பு விகிதம் நான்காம் வகை. அபின் பற்றி மருத்துவர் கண்டது முதல் வகை. எட்டாவா நாடியது இரண்டாம் வகை. விரிவாக்கத்தில் அதற்குக் கிடைத்ததோ பேசத் துணிந்தோரின் மூன்றாம் வகை மட்டுமே. ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் எழுதிய நூல் இன்னொரு குறையைப் பெயரிட்டுக் காட்டியது. ஆய்வாளர் தார்ச்சாலை ஓரத்து ஊருக்கே செல்கிறார், மழைக்காலத்தைத் தவிர்க்கிறார், ஆண்களிடமும் பயனாளிகளிடமும் பேசுகிறார். கிராமத்தில் பசியும் நோயும் கடனும் ஒன்றாகச் சேர்வது பெரும்பாலும் அம்மழைக்காலத்தில்தான்.

இவ்வரலாற்றிலிருந்து, இன்று தேவை மதிப்பீடு ஒன்றைத் திட்டமிடுவோர் எடுத்துக்கொள்ளத் தக்கவை சில. முதலாவது, ஆய்வின் முடிவு எந்தத் தீர்மானத்தை மாற்றக்கூடும் என்பதை முன்னரே எழுதி வைப்பது; எந்த விடை வந்தாலும் திட்டம் மாறாது எனில் அந்த ஆய்வுக்குச் செலவிடும் பணம் வீண். இரண்டாவது, கையிலுள்ள புள்ளிவிவரம் எங்கே, யாரால், எதை வகுத்துக் கிடைத்தது என்று வினவுவது. மூன்றாவது, அப்பகுதியில் ஏற்கெனவே என்னென்ன சேவைகள் உள்ளன, அவற்றை மக்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று பார்ப்பது. காலியாகக் கிடக்கும் அங்கன்வாடிக்கு அருகில் இன்னொரு மையம் திறப்பது விடையன்று. நான்காவது, பொதுக்கூட்டத்தோடு நின்றுவிடாமல் பெண்களிடமும் தலித் குடியிருப்புகளிலும் புலம்பெயர்ந்த தொழிலாளரிடமும் தனித்தனியே, அவர்களுக்கு உகந்த நேரத்தில் பேசுவது. ஐந்தாவது, கண்டறிந்ததை அவர்களிடமே திரும்பக் கொண்டுசென்று சரிபார்ப்பது. இதற்கான நாட்களும் செலவும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படாவிட்டால் இறுதியில் முதலில் வெட்டப்படுவது இதுவாகவே இருக்கும்.

தேவை மதிப்பீடு தவறும்போது அதன் இழப்பு அறிக்கை எழுதியவருக்கு ஏற்படுவதில்லை. தவறான இடத்தில் கட்டப்பட்ட கட்டடமும் எவரும் சேராத பயிற்சி வகுப்பும் கணக்கில் சாதனையாகவே ஏறும். எட்டாவாவின் வழியில் வந்த திட்டங்களில் ஊர்க்கூட்டத்தின் ஓரத்தில் நின்றவருக்கு, அடுத்த திட்டம் வரும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் கேட்பவர் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய பங்கு அமைந்தது.