இரத்தத்தில் இருக்கும் நோய்: ஆமிஷ் ஆய்வின் வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் பகுதியில், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களான ஆமிஷ் கிறித்தவர்கள், மோட்டார் வாகனத்தையும் மின்கம்பியையும் விலக்கி, குதிரைவண்டியும் உழவுமாக வாழ்ந்து வருகின்றனர். மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வந்து ஆளைப் புரட்டிப்போடும் இருதுருவ மனக்கோளாறு சில குடும்பங்களில் தலைமுறைதோறும் தலைகாட்டியதைக் கண்ட அவர்கள், அது இரத்தத்தில் இருப்பது என்று தம் ஜெர்மன் வழக்கில் சொல்லிவந்தனர். இந்த ஊர்ப்பேச்சு எவ்வளவு உண்மை என்பதை 1976இல் ஜேனிஸ் எக்லாண்ட் தொடங்கிய ஆய்வு சோதிக்க முற்பட்டது. குடியும் போதையும் அங்கு அரிது என்பதால் நோய்க்குறிகள் வேறொன்றோடு குழம்பவில்லை. வம்சாவளிப் பதிவுகளும் செம்மையாக இருந்தன.

எழுச்சி நிலையை அடையாளம் காண்பதற்கே அந்தச் சமூகத்தின் கண் தேவைப்பட்டது. வண்டிக் குதிரையை வெறிகொண்டு விரட்டுவது, கால்நடையை முரட்டுத்தனமாக நடத்துவது, பொதுத் தொலைபேசியை ஓயாமல் பயன்படுத்துவது, பருவம் தப்பி உல்லாசப் பயணத்துக்குத் திட்டமிடுவது ஆகியவை நகரத்து மருத்துவருக்கு நோயாகவே தோன்றியிருக்காது.

1987இல், ஒரு பெரிய ஆமிஷ் குடும்பத்தின் இரத்த மாதிரிகளைக் கொண்டு, இந்நோய்க்குக் காரணமான மரபணு 11ஆம் குரோமோசோமில், இன்சுலின் மரபணுவின் அருகே இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நோயற்றோர் எனக் கணக்கிடப்பட்டிருந்த இருவர் பின்னர் நோயுற்றதாலும், குடும்பத்தின் வேறு கிளைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டதாலும், 1989இலேயே அந்த முடிவு சரிந்தது. மரபணு வேட்டை அடைந்த புகழ் இரண்டே ஆண்டுகளில் கரைந்துபோக, நிலைத்தது என்னவோ அதிகம் பேசப்படாத மற்றொரு வேலைதான்.

நோயுற்ற பெரியவர்களின் பழைய மருத்துவமனைக் குறிப்புகளைப் புரட்டியபோது, நோய் முழு வடிவம் பெறுவதற்கு 9 முதல் 12 ஆண்டுகளுக்கு முன்பே மனநிலை மாற்றம், எரிச்சல், கட்டுக்கடங்காத சினம் முதலியவை விட்டுவிட்டு வந்து போயிருந்தது தெரிந்தது. ஆயினும் நோயுற்றபின் நினைவுகூரப்படுவதில் பிந்தைய அறிவின் சாயம் ஏறிவிடக்கூடும். ஆகவே நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகள் 100 பேரும், நலமான பெற்றோரின் பிள்ளைகள் 110 பேரும் ஆண்டுதோறும் கவனிக்கப்பட்டனர். எந்தப் பிள்ளை எந்தப் பிரிவினர் என்றறியாத மருத்துவர்களே குறிப்புகளை மதிப்பிட்டனர். 2003இல் வெளியான முடிவின்படி, முதல் பிரிவில் 38 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 17 விழுக்காட்டினரும் பிற்கால ஆபத்துக்குரியோராகக் குறிக்கப்பட்டனர். மிகுந்த கவலை, எளிதில் கிளர்ச்சியடைதல், பள்ளியில் கவனமின்மை, காரணம் புலப்படாத உடல்வலி முதலியவை தனித்தனியே எந்தப் பிள்ளையிடமும் காணக்கூடியவை. முதல் பிரிவில் அவை கூட்டமாகச் சேர்ந்தும், சில காலம் தோன்றிப் பின் மறைந்து மீண்டும் தலைதூக்கியும் வந்தன.