ஜகாத் கணக்கு: எக்செல்லில் சென்ற ஆண்டு விலை தங்கிவிட வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் வியாபாரிகளில் ஜகாத் கணக்கை எக்செல்லில் வைத்திருப்பவர்கள், சென்ற ரமளானின் கணக்குத் தாளை நகலெடுத்து இருப்பை மட்டும் திருத்துவதுண்டு. அப்போது ஃபார்முலாக்கள் பழைய விலைத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும். வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கடமையாகும் நாளின் சந்தை விலைதான் கணக்கு. வெட் புளூ சதுர அடி விலை ஏறியிருந்தால், குறைவது ஏழைகளின் ஹக்கு. (டிரம், இயந்திரங்களுக்கு ஜகாத் இல்லை, அவற்றை இதில் சேர்க்கவே வேண்டாம்.)

பழைய விலைத் தாளின் பெயர் 1446 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதே ஃபைலில், அதே கட்டங்களில் புதிய விலைகளை இட்டு 1447 என்ற தாளைத் தயார் செய்வோம். பிறகு புதிய கணக்குத் தாளில் நின்று கன்ட்ரோல், ஹெச் அழுத்துவோம். தேட வேண்டியது '1446'! மாற்ற வேண்டியது '1447'! 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் எல்லா ஃபார்முலாக்களும் ஒரே தடவையில் மாறிவிடும். மேற்கோள் குறிகளும் ஆச்சரியக்குறியும் அவசியம். வெறும் 1446 என்று தேடினால், 14460 ரூபாய் கடன் பாக்கியும் 14470 ஆகிவிடும்!

'வித்தின்' என்ற இடத்தில் 'ஷீட்' இருக்கட்டும். 'வொர்க்புக்' என்று இருந்தால் சென்ற ஆண்டின் கணக்கும் சேர்ந்து மாறும். விடுபட்ட ஜகாத்தைப் பின்னர் கொடுக்க நேர்ந்தால் அந்தப் பழைய கணக்குத்தான் நமக்குச் சான்று.

கடைசியாக நிஸாப் கட்டத்தைப் பார்ப்போம். 612.36 கிராம் வெள்ளிக்கு இன்றைய விலையைக் கால்குலேட்டரில் பெருக்கினால் அதே தொகை வர வேண்டும். வராவிட்டால் கன்ட்ரோல், இஸட்.