கணித ஆராய்ச்சியும் 75 ரூபாவும்

கல்வி என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் புள்ளி, புள்ளி என்றால் உத்தியோகம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். சப்பிரகமுவாத் தோட்டங்களில் இவ்வெண்ணம் வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் உயர்தர வகுப்பிலே கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. அவ்விடரையெல்லாம் தாண்டி ஒருவர் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றுவிட்டால், கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் அவரைப் படிக்கவைத்த பெற்றோர் அவருடைய சம்பளத்தை எதிர்பார்ப்பது இயல்பே. அவ்வேளையில் அவர், “இன்னும் இரண்டாண்டு கணித ஆராய்ச்சி செய்து மேற்பட்டம் பெற விரும்புகிறேன்” என்றால், நம் பெரியோர் யாது விடையளிப்பர்? இதற்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது.

பரீட்சைப் பட்டம், பிறர் கண்டதைக் கற்று ஒப்புவிப்பதால் வருவது. ஆராய்ச்சிப் பட்டமோ, எவரும் காணாத ஒன்றைக் கண்டு எழுதுவதால் வருவது. கணித ஆராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. காகிதம், நூலகம், வழிகாட்டும் ஆசிரியர், கவலையற்ற காலம் ஆகிய நான்கும் போதும். இவற்றுள் நான்காவதே வறியோர்க்கு அரிது.

1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச இராமாநுஜன் கணிதத்தில் மேம்பட்டும் பிற பாடங்களிற் தவறினார். கல்லூரிப் பட்டம் கைகூடவில்லை. அவருடைய குறிப்பேடுகளைக் கண்ட நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிலகாலம் மாதம் 25 ரூபா கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

அவ்வாண்டே சென்னைச் சர்வகலாசாலையில் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கும் பேச்சு எழுந்தது. முதுமாணிப் பட்டம் பெற்றோர்க்கே அது உரியதென்று விதி தடுத்தது. ஆயினும், ஆராய்ச்சியை வளர்ப்பதே சர்வகலாசாலையின் நோக்கங்களுள் ஒன்று என்பது எடுத்துரைக்கப்பட்டு, விதி தளர்த்தப்பட்டது. மாதம் 75 ரூபா, இரண்டாண்டுக்கு! மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை சமர்ப்பிப்பதே நிபந்தனை.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமாநுஜனுக்கு 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் பேரிலேயே கலைமாணிப் பட்டம் கிடைத்தது. கலாநிதிப் பட்டம் அப்போது அங்கு ஏற்படவில்லை. அவர் ஆராய்ந்த பொருள் யாது? 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இத்தகைய எண்களின் இயல்பையே அவர் ஆராய்ந்தார். 1918இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். 1920இல் 32 வயதில் மறைந்தார்.

இராமாநுஜனின் மேதைமை 1913இற் பிறந்ததன்று. அவ்வாண்டிற் கிடைத்தது காலமே. அக்காலத்தை வாங்கிக் கொடுத்தவை 25 ரூபாவும் 75 ரூபாவும்.

இது அயல்நாட்டுக் கதை என்பார்க்கு ஒன்று கூறுவோம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியாகிய மிஷன் பாடசாலையிற் பயின்ற சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞரின்கீழ் ஆராய்ந்து கலாநிதியாகி, இலங்கைச் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். மிஷன் பாடசாலைகளில் ஏணும் எழுத்தும் கற்ற எம்மனோர்க்கு அவர் வழி அந்நியமானதன்று.

இன்று கணித ஆராய்ச்சிக்காகக் கடல் கடக்கவேண்டியதில்லை. முதுதத்துவமாணி என்னும் ஆராய்ச்சிப் பட்டத்தை நம் நாட்டிலேயே பெறலாம். குறைவது மாதாந்தச் செலவுக்கான உதவியே. தோட்டத்துப் பிள்ளை ஒருவரை இரண்டாண்டு தாங்குவது ஒருவரால் இயலாவிடினும், மன்றத்தார் பலர் கூடினால் இயலும். உதவி பெறுவோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் முயற்சிக்குக் கணக்குக் காட்டுவாராக. பெரியோர்களே, “எப்போது சம்பளம் வரும்?” என்று கேட்குமுன், “எதனைக் கண்டாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். இளைஞர்களே, அவ்வினாவுக்கு விடை கூற ஆயத்தமாவோம்!