கள்ளியைத் தின்ற பூச்சி



முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியை மாட்டுத் தீவனத்துக்கு நடலாமா என்று வள்ளூர், மீஞ்சூர் வட்டாரத்தில் கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாக நடலாம். ஆனால் இந்தச் செடிக்கும் நம் சீமைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடுவது நல்லது.

சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மெக்சிகோவில் இதன் மடல்களில் கொச்சினில் என்ற பூச்சியை வளர்த்து, காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். ஒரு பவுண்டு சாயச் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். அவ்வளவு விலையுயர்ந்த சரக்கு ஸ்பெயின்காரர் கையில் இருந்தது.

அந்த வியாபாரத்தைப் பிடிக்க ஆங்கிலக் கம்பெனிக்கு ஆசை. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-ல் இந்த முயற்சியைத் தொடங்கினார். பூச்சிக்குத் தீனியாகக் கள்ளி வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். செடி கிடைத்தது, சரியான பூச்சிதான் கிடைக்கவில்லை.

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி கொண்டுவந்தார். அது நல்ல சாயப்பூச்சி அல்ல. அதன் காட்டு இனம். சாயம் மட்டமாகப் போயிற்று. ஆனால் பூச்சியோ கள்ளியை விடவில்லை. வேலியிலும் தரிசிலும் மண்டிக்கிடந்த ஒருவகைக் கள்ளியைச் சாறு உறிஞ்சியே சாய்த்துவிட்டது. அதைப் பார்த்து, 1836-லிருந்து 1838-க்குள் அதே பூச்சியைத் தென்னாட்டுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியைக் கொண்டு களையை அழித்ததில் உலகத்திலேயே முதல் வெற்றி இதுதான் என்பார்கள்.

அத்தோடு கதை முடியவில்லை. முள் அடர்ந்த இன்னொரு வகைக் கள்ளியை இந்தப் பூச்சி தொடவே இல்லை. அது நிலத்தையும் மேய்ச்சலையும் அடைத்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறோர் இனப் பூச்சி தருவிக்கப்பட்ட பிறகு, சில வருஷங்களிலேயே அதுவும் அடங்கியது.

இதற்கிடையே, அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் என்பவர் பல கள்ளி ரகங்களைக் கலப்பினம் செய்து, 1907 வாக்கில் முள்ளில்லா ரகங்களைத் தீவனத்துக்கென்று விற்றார். முள் போனதே தவிர, பூச்சிக்குப் பிடித்த சாறு போகவில்லை. 1926-ல் நமக்கு உதவிய அதே இனப் பூச்சி 2014-ல் மொராக்கோவில் தென்பட்டு, அங்கே ஜனங்கள் பயிராக வளர்த்த கள்ளியைப் பெருமளவு நாசம் செய்தது. அன்று களைக்கு எமன். இன்று பயிருக்கும் எமன்.

ஆகவே மடல் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருந்தால் நசுக்கிப் பாருங்கள். இரத்தம்போல் சிவப்பு வந்தால் அதுதான் பூச்சி. அந்த மடல் வேண்டாம். நல்ல மடலை நிழலில் ஒன்றிரண்டு வாரம் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நடவேண்டும். நட்ட கையோடு தண்ணீர் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர் தேங்கும் நம் பக்கத்து நிலத்தில் மேட்டுப்பாத்திதான் சரி. தேங்கினால் அடிமடல் அழுகிவிடும். மடலில் பெரும்பங்கு தண்ணீர்தான்; அதனால் நறுக்கி, வைக்கோலோடு கலந்தே மாட்டுக்குப் போடுங்கள்.

மாதம் ஒருமுறை மடலின் அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை தட்டினால் அந்த மடலை உடனே வெட்டி எரித்துவிடுங்கள். ஒரு மடலோடு போகவேண்டியதைத் தோட்டம் முழுக்கப் பரவ விடாதீர்கள்.