மரம் தந்த பிளாஸ்டிக்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகைச் சரத்தைப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்கும்போது பாட்டி ஞாபகம் வரும். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுரண்டியபடி, "இதுவும் காசுதான்டா" என்பார்.

பெட்ரோலியம் இல்லாமல் பிளாஸ்டிக் செய்ய முடியுமா என்று இப்போது கேட்கிறோம். வரலாற்றில் மரம்தான் முந்தியது. மலாயாக் காட்டுத் தாபான் மரத்தின் பால், கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 1851இல் ஆங்கிலக் கால்வாயிலும் 1866இல் அட்லாண்டிக்கிலும் கடலடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறை. அதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காலியானது. 1933இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பாலிஎத்திலீன்தான் பிறகு அந்த இடத்துக்கு வந்தது. என் கையிலிருக்கும் பை அதன் வாரிசு. ஆக, மரத்துக்கு மாற்றாக வந்ததுதான் பெட்ரோலியம்.

ரப்பர் மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை, கீறினால் போதும். கந்தகத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சூடாக்கினால் எபோனைட் ஆகும். பேனாவும் சீப்பும் அதில் செய்தார்கள். இங்கே மரம் பிழைத்தது. விடியுமுன் லயத்திலிருந்து கிளம்பியவர்களின் முதுகுதான் வளைந்தது.

2011இல் ஷா ஆலமில் சிரிம் நிறுவனம் ஒரு சோதனை ஆலை திறந்தது. செம்பனை எண்ணெயைப் பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுத்து, மக்கிப்போகும் பிளாஸ்டிக் எடுக்கும் ஆலை. நல்ல செய்திதான். ஆனால் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். பிளாஸ்டிக் எதிலிருந்து வருகிறது என்பதோடு, யார் உழைப்பில் வருகிறது என்றும் கேட்க வேண்டும். பாட்டி இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.