இழைப்பதா, பெயர்ப்பதா: தேக்குத் தளங்களின் வரலாறு

கொல்கத்தா நகர மண்டபம் 1813இல் எழுந்தது. குலுக்கல் சீட்டு நடத்தித் திரட்டிய பணத்தில் கட்டப்பட்ட அம்மண்டபத்தின் மேல்தளத்துக்குத் தேக்குப் பலகை பாவினர். ஐரோப்பியரின் விருந்துகளுக்கும் நடனங்களுக்கும் உருவான அவ்விடத்தில்தான் 1905 ஆகஸ்டு 7 அன்று அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கும் சுதேசித் தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவின் துறைமுக நகரங்களிலும் மலைவாழிடங்களிலும் இத்தகைய மரத்தளங்கள் இன்றும் பல உள்ளன. நூலகங்கள், நீதிமன்றங்கள், கல்லூரிகள், பழைய வணிக அலுவலகங்கள் ஆகியவற்றின் மேல்தளங்களில் ஆய்வாளர்கள் நாள்தோறும் நடந்து செல்கின்றனர்; கீழே குனிந்து பார்ப்பவர் அரிது.

தளம் நிறம் மங்கி, நடைபாதையாகத் தேய்ந்து, ஆணித்தலைகள் துருத்திக்கொண்டு நிற்கும்போதுதான் அது எவர் கண்ணிலும் படுகிறது. அப்போது கட்டடப் பொறுப்பாளர் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. பலகைகளைப் பெயர்த்தெறிந்து விட்ரிஃபைட் ஓடோ புதிய மரமோ பதிப்பது ஒன்று. இருக்கும் பலகையை இழைத்து மெருகிடுவது மற்றொன்று. பெரும்பாலும் முதல் வழியே வெல்கிறது. 'பழையது தேய்ந்தது, புதியது அதற்கு ஈடு' என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. அந்த ஈடு உண்மையில் கிடைக்கிறதா என்பதை அறிய, அப்பலகை எந்தக் காட்டிலிருந்து, எவ்வாறு வந்தது என்று பார்க்க வேண்டும்.

பிரித்தானியர் தேக்கை முதலில் நாடியது கப்பலுக்காக. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கருவாலி மரங்கள் போர்க்கப்பல் தேவைக்குப் போதவில்லை. பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர்கள் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல்கள் அக்குறையை ஓரளவு தீர்த்தன. 1817இல் அங்கே நீரிலிறங்கிய 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. மலபார்க் காடுகளுக்கு 1806இலேயே ஒரு காப்பாளர் நியமிக்கப்பட்டார். பதவியின் பெயர் காப்பு. வேலை, கம்பெனிக்காகத் தேக்கை முற்றுரிமையாக்குவது. மக்களின் எதிர்ப்பைக் கண்ட சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1820களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாட்டைக் கைவிடச் செய்தார். காடு தீர்ந்துவருவதை உணர்ந்த மலபார் ஆட்சியர் கானலி 1840களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார். அந்த நாற்றுகளை முளைக்கவைத்த அறிவும் உழைப்பும் சாத்து மேனன் என்ற அலுவலருடையவை. தோட்டமோ இன்றும் கானலியின் பெயரால் அறியப்படுகிறது.

கட்டடங்களுக்கான தேக்கின் பெருந்தாயகமாக ஆனது பர்மா. 1826இல் தெனாசரிம், 1852இல் பெகு, 1885இல் மேல்பர்மா என மூன்று போர்களில் அந்நாடு விழுங்கப்பட்டது. மூன்றாம் போருக்கு உடனடிக் காரணமாகக் காட்டப்பட்டது ஒரு மரத்தகராறு. பம்பாய் பர்மா வணிகக் கழகம் கணக்கில் காட்டியதைவிடக் கூடுதலான தேக்கை வெட்டியது என்று தீபா மன்னரின் அவை பெரும் தண்டம் விதித்தது. பிரெஞ்சுக்காரர் பற்றிய அச்சமும் சேர, 1885 நவம்பரில் படை புறப்பட்டது. 1886 ஜனவரி முதல் நாள் மேல்பர்மா இந்தியப் பேரரசின் பகுதி என அறிவிக்கப்பட்டது. அப்போது வைசிராயாக இருந்தவர் டஃபரின் பிரபு. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1888 ஜூலையில், அவர் சிம்லாவின் புதிய வைசிராய் மாளிகையில் குடியேறினார். அதை வடிவமைத்த ஹென்றி இர்வின் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் பணியாற்றியவர். மாளிகையின் உட்புற மரவேலைக்கு உள்ளூர்த் தேவதாருவும் வாதுமையும் பயன்பட்டன; தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. கைப்பற்றிய நாட்டின் மரம், கைப்பற்றியவரின் கூடத்தை அலங்கரித்தது. 1965 முதல் இந்திய உயராய்வு நிறுவனம் அம்மாளிகையில் இயங்குகிறது. காலனியத்தைக் கடுமையாக விமர்சிக்கும் ஆய்வேடுகள் பலவும் அங்கே எழுதப்பட்டுள்ளன. இதை முரண் என்று சுட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அதற்கப்பால், அந்த மரம் என்ன மாதிரியான மரம் என்ற கேள்வி இருக்கிறது.

1856இல் பெகுக் காடுகளின் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ், ஆறடிக்கும் மேற்பட்ட சுற்றளவுள்ள மரங்களை முதல் வகுப்பாகக் கொண்டார். எண்ணி, வகுத்து, முற்றிய மரங்களை மட்டும் வெட்டும் முறையை அமைத்தார். இயற்கைக் காட்டில் ஒரு தேக்கு அந்த அளவை எட்டப் பொதுவாக நூறாண்டை ஒட்டிய காலம், பலவேளை அதற்கு மேலும், ஆகும். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும். ஆகவே அடிமரத்தில் பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் வளையமாக வெட்டிவிடுவர். மரம் நின்றபடியே செத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் காய்ந்த பின் வீழ்த்தப்படும். யானைகள் அதை ஓடைக்கு இழுத்துவரும்; மழைவெள்ளம் ஆற்றுக்குக் கொண்டுசேர்க்கும்; தெப்பமாகக் கட்டப்பட்டு இரங்கூன் அறுவை ஆலைகளை அடைவதற்குள் மேலும் சில ஆண்டுகள் கழிந்துவிடும். ஆலைக்கு வருமுன்பே இத்தனை காலம் உலர்ந்ததனால்தான் அந்தப் பலகைகள் பருவமாற்றங்களில் நெளிவதில்லை. மெல்ல வளர்ந்ததனால் வளையங்கள் நெருக்கம், வைரப்பகுதி மிகுதி, கறையானை விரட்டும் இயற்கைச் சேர்மங்களும் எண்ணெயும் அந்த வைரத்தில்தான் உள்ளன.

இன்று சந்தையில் 'தேக்கு' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, இருபது முப்பது ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்டத் தேக்கு. அது கெட்ட மரம் அன்று. ஆனால் வெள்ளைப்பகுதி மிகுந்த, இளைய மரம். பர்மாவின் இயற்கைக் காட்டு மரத்தை வாங்குவது என்றால் அதன் அரசியலையும் சேர்த்து வாங்க வேண்டும். மியான்மர் 2014இல் வெட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்துள்ளன. ஆக, பழைய பலகைக்குப் புதிய பலகை ஈடு என்ற கணக்கு முதல் வரியிலேயே தவறிவிடுகிறது. பெயர்த்தெடுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மும்பையில் இடிபடும் கட்டடங்களின் பர்மாத் தேக்கு பழைய மர வணிகர்களிடம் உடனே விலைபோகிறது. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்துசேர்வதும் இதே கதையே. தேய்ந்தது என்று உரிமையாளர் கழித்துவிடும் மரத்தின் மதிப்பை வாங்குபவர் அறிந்திருக்கிறார்.

அப்படியானால் இழைப்பதே எப்போதும் சரியா? இங்கேதான் கவனம் வேண்டும். இழைப்பதும் ஒருவகை அழிவு. நாக்கும் காடியுமாகப் பொருந்தும் முக்கால் அங்குலப் பலகையை எடுத்துக்கொண்டால், அதன் தடிப்பு 19 மில்லிமீட்டர். நாக்குக்கு மேலே தேய்வதற்கென இருப்பது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மட்டுமே. உருளை இயந்திரத்தால் முழுமையாக இழைக்கும் ஒவ்வொரு முறையும் முக்கால் மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தூளாகிப் போகும். மெல்ல வளர்ந்த தேக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது சில இடங்களில் ஓராண்டு வளர்ச்சி. ஆகவே ஒரு தளம் தன் வாழ்நாளில் ஐந்தாறு முறை இழைப்பைத் தாங்கலாம். ஆணித்தலைகளை உள்ளே தட்டி இறக்காமல் இயந்திரத்தை ஓட்டும் அவசரக்காரரிடம் அதுவும் தாங்காது. பழைய கட்டடங்களில் ஓரம் நேராக அறுத்த தடித்த பலகைகளும் உண்டு. அவற்றுக்கு ஆயுள் கூடுதல். எதுவாயினும், தளம் என்பது செலவழியும் முதல். எத்தனை முறை எடுத்தாகிவிட்டது என்ற பதிவு எந்தக் கட்டடத்திலும் வைக்கப்படுவதில்லை.

கப்பற்படையினர் இதைத் தம் அனுபவத்தில் கற்றனர். மரத் தளத்தை மணற்கல்லால் தேய்த்து வெண்மையாக்குவது மாலுமிகளின் அன்றாடத் தண்டனைபோன்ற கடமை. தேய்க்கத் தேய்க்கப் பலகை மெலிந்து, மாற்றும் செலவு ஏறியதைக் கண்ட அமெரிக்கக் கப்பற்படை 1931இல் அவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. தூய்மை என்ற பெயரில் தளத்தைத் தின்றுகொண்டிருந்தோம் என்பதை ஒரு படை ஒப்புக்கொண்ட அரிய ஆவணம் அது.

பழைய மெருகுகளின் சிறப்பு இவ்விடத்தில்தான் புலப்படும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவதும் தேன்மெழுகு தேய்ப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்கம். உலகெங்கும் மரவேலைக்குப் பயன்பட்ட அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவின் பலாசு, பூவம் மரங்களில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து கிடைத்தது. சோட்டா நாகபுரியின் பழங்குடியினர் அதைச் சேகரித்தனர். 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனமே அமைந்தது. அரக்கு மெருகு உறுதி குறைந்தது. நீர்பட்டால் வெளுக்கும், சூடு பட்டால் இளகும். ஆனால் புதிதாகப் பூசும் அரக்கு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். தேய்ந்த இடத்தை மட்டும் துடைத்து மறுபூச்சுக் கொடுத்தால் போதும். மரத்தைத் தொட வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய பாலியூரிதேன் பூச்சு இதற்கு நேர்மாறானது. பல ஆண்டுகள் கேட்பாரற்று நிற்கும். மேற்பரப்பு மட்டும் மங்கியிருந்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி மறுபூச்சுக் கொடுக்கவும் செய்யலாம். உரிந்து மரம் வரை தேய்ந்துவிட்டாலோ, முழுத் தளத்தையும் வைரம் தெரிய இழைத்தாக வேண்டும். ஆண்டுதோறும் சிறு பராமரிப்பைக் கேட்ட மெருகு, மரத்தைக் காத்தது. பராமரிப்பே வேண்டாம் என்று விற்கப்பட்ட மெருகு, மரத்திலிருந்து தன் விலையை எடுத்துக்கொள்கிறது. பழைய அலுவலகங்களில் தளத்தையும் விரிப்பையும் கவனிக்க 'ஃபராஷ்' என்ற பணியாளர் இருந்தார். அத்தகைய கைகள் குறைந்ததும் பராமரிப்பு வேண்டாத பூச்சு பரவியதும் தொடர்பற்றவை அல்ல.

பாதுகாப்புக் கோட்பாட்டிலும் இந்த விவாதம் பழையது. 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கு 'சுரண்டல் எதிர்ப்பு' என்றே பட்டப்பெயர். தேவாலயச் சுவர்களைச் சுரண்டிப் புதிதாக்கியவர்களை எதிர்த்து எழுந்தது அது. இந்தியாவில் ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடும் புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பதே கடமை என்ற நிலையை எடுத்தது. இன்டாக் அமைப்பின் 2004ஆம் ஆண்டுச் சாசனம் சற்று விலகி நிற்கிறது: மரபுக் கைவினை உயிரோடிருக்கும் நாட்டில், அந்தக் கைவினையால் பழுதான உறுப்பை மாற்றுவதும் காத்தலே என்கிறது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் இது மிகப் பொருந்தும் வாதம். ஜப்பானின் இசே ஆலயம் இருபதாண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுகிறது என்றால், அதற்கென வளர்க்கும் காடும் உடன் இருக்கிறது. தேக்குத் தளத்தில் நிலைமை தலைகீழ்: தச்சர் இருக்கிறார், காடு இல்லை. எனவே அங்கே மார்ஷலின் பழைய நிலையே கூடுதல் நியாயமுடையது.

கொள்ளையடித்த மரத்தை எதற்குப் போற்ற வேண்டும் என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான கேள்வி. எனினும் பலகையைப் பெயர்த்து ஓடு பதிப்பதால் ஐராவதிக் கரையின் காடு திரும்பப்போவதில்லை. அந்தக் கொள்ளையின் சான்றுதான் அகற்றப்படுகிறது. ஒவ்வொரு பலகையின் குறுக்குவெட்டிலும் பேரரசுக்கு முந்தைய பர்மாவின் மழைக்காலங்கள் வளையங்களாகப் பதிந்துள்ளன. தெற்காசியப் பருவமழையின் வரலாற்றைத் தேக்கு வளையங்களிலிருந்து மீட்டெடுக்கும் ஆய்வுகள் நடந்துவரும் காலம் இது.

மாற்றியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை ஈரத்தில் மக்கியிருந்தால், நாக்கு வெளிப்படும்வரை தளம் மெலிந்திருந்தால், மெருகு எதையும் காப்பாற்றாது. அப்போதும் மக்கிய முனையை மட்டும் அறுத்துப் புதுத்துண்டு இணைக்கலாம். நடைபாதையில் தேய்ந்த பலகைக்கு, அலமாரியின் அடியில் தேயாமல் கிடக்கும் அதே தளத்தின் பலகையை மாற்றிப் போடலாம். எளிய வழி, கண்டுபிடிக்க ஒரு நாள் குனிந்து பார்க்க வேண்டும்.

அரசுக் கட்டடங்களில் அந்த ஒரு நாளைத் தடுப்பது பெரும்பாலும் கணக்குப் புத்தகமே. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் பழைய மரவேலைக்கு மெழுகும் பிரெஞ்சு மெருகும் இடுவதற்கான இனங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தொகை சிறியது. மதிப்பீட்டில் எடுப்பாகத் தெரியாது. புதுத் தளத்துக்கான இனமோ சதுர மீட்டருக்குப் பெருந்தொகை. பட்டியலின் இடிப்பு வேலைப் பிரிவில் பயன்படத்தக்க பழைய பொருள்களை ஐம்பது மீட்டருக்குள் அடுக்கிவைக்க வேண்டும் என்றொரு நிபந்தனையும் காணப்படும். நூறாண்டு வளர்ந்து, மூன்றாண்டு நின்றபடி காய்ந்து, ஆறுவழி மிதந்து, கடல் கடந்து வந்த மரம் அந்த அடுக்கில் 'பழைய பலகை' என்ற பெயரில் ஏலத்துக்குக் காத்துக்கிடக்கிறது.